வாய் நமநமக்கும் நேரம்: மனப்பசியை அறிந்து மீள ஒரு வழிகாட்டி

இரவு பத்தே முக்கால் மணி. துரைப்பாக்கத்தில் ஒரு பெண்கள் விடுதி. ஒன்பது மணிக்கே சாம்பார் சாதமும் அப்பளமும் சாப்பிட்டிருந்தேன். வயிறு நிறைந்துதான் இருந்தது. இருந்தும் கட்டிலில் உட்கார்ந்து, போனைப் பார்த்தபடியே கால் கிலோ மிக்சர் பாக்கெட்டைக் காலி செய்தேன். கடைசியில் பாக்கெட்டைக் கவிழ்த்துத் தூளை உள்ளங்கையில் கொட்டியபோதுதான், இவ்வளவையும் நானா தின்றேன் என்று உறைத்தது. அன்று மதியம் அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கியிருந்தேன். அந்தத் திட்டுக்கும் இந்த மிக்சருக்கும் சம்பந்தம் உண்டு என்று புரிய எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். தனக்கு இப்படி நடக்கிறது என்று இப்போதுதான் சந்தேகம் வந்திருப்பவர்களுக்கும், பிள்ளைகளிடம் இதைப் பார்த்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் பெற்றோருக்கும் இது உதவலாம்.

"வாய் நமநமன்னு இருக்கு, ஏதாவது கொறிக்கணும்" என்று நாம் சொல்வதில் பாதி விஷயம் இருக்கிறது. பசிக்கிறது என்று சொல்லாமல், வாய் கேட்கிறது என்கிறோம். பல நேரங்களில் வாயின் வழியாக மனசுதான் கேட்கிறது. கவலை, கோபம், சலிப்பு, தனிமை என ஏதோ ஒன்று உள்ளே கனக்கும்போது அதை அமர்த்தச் சாப்பாட்டை எடுப்பதைத்தான் மனப்பசி என்கிறேன். எப்போதாவது ஒரு முறை இப்படிச் சாப்பிடாதவர் யாருமில்லை. மழை நாளில் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டு மனசு லேசாவது நோயாகாது. மனசு கனக்கும்போதெல்லாம் சாப்பாடு ஒன்றே மருந்தாகி, சாப்பிட்டு முடித்ததும் குற்ற உணர்வு வந்து, அதை மறக்க மறுபடி சாப்பிடும்போதுதான் கவனிக்க வேண்டியதாகிறது.

இதில் உடம்புக்கும் பங்கு உண்டு. திடீர் பதற்றத்தில் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரந்து பசி அடங்கிவிடும். பரீட்சை அன்று காலையில் இட்லி தொண்டையில் இறங்காதது அதனால்தான். பதற்றம் நாள்கணக்கில் நீண்டால் கார்ட்டிசால் என்ற ஹார்மோனின் கை ஓங்குகிறது. அது பசியைக் கிளப்பும், அதிலும் இனிப்பும் எண்ணெயும் உள்ள பண்டங்கள் மேல் ஆசையைக் கூட்டும். அவற்றைச் சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் நிஜமாகவே இதமாக இருக்கிறது. அந்த இதத்தை மூளை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறையும் அதே வழியைக் காட்டுகிறது. தூக்கம் குறைந்தாலும் இதே கதைதான்: பசியைத் தூண்டும் கிரெலின் கூடும், போதும் என்று சொல்லும் லெப்டின் குறையும். சென்னையில் ஐ.டி. அலுவலகங்கள் நிறைந்த ஓ.எம்.ஆர். சாலைப் பக்கம் இரவு ஷிப்டு பார்ப்பவர்களுக்கு விடியற்காலை மூன்று மணிக்குப் பரோட்டா ஆசை வருவதற்கு மன உறுதி இல்லாததைக் காரணம் சொல்வது நியாயமில்லை.

முதல் படி: எந்தப் பசி என்று பாருங்கள்

வயிற்றுப் பசி மெல்ல ஏறும். வயிறு இரையும், தலை கொஞ்சம் லேசாகும், எரிச்சல் வரும். எது கிடைத்தாலும் சாப்பிடத் தயாராக இருப்போம், வயிறு நிறைந்ததும் கை நின்றுவிடும். மனப்பசி சட்டென்று வரும். அதற்குக் குறிப்பிட்ட ஒன்றுதான் வேண்டும்: அந்தக் கடை பப்ஸ், அந்த சாக்லேட், அந்த சிக்கன் ரைஸ். வயிறு நிறைந்தாலும் அடங்காது.

எனக்குக் கைகொடுத்த ஒரு சோதனை இது. கை டப்பா பக்கம் போகும்போது, "இப்போது ஆறிப்போன இட்லி இரண்டு கொடுத்தால் சாப்பிடுவேனா?" என்று கேட்டுக்கொள்வேன். சாப்பிடுவேன் என்று தோன்றினால் அது வயிற்றுப் பசி. உடனே நன்றாகச் சாப்பிட்டுவிட வேண்டும். "இட்லி வேண்டாம், மிக்சர்தான் வேண்டும்" என்றால் பேசுவது மனசு. இந்தச் சோதனை எப்போதும் சரியாக வராது. மதியம் சாப்பிடாமல் விட்டு, மாலை மேலதிகாரியிடம் திட்டும் வாங்கியிருந்தால் இரண்டு பசியும் ஒன்றாகக் கலந்து வரும். அப்போது முதலில் வயிற்றைக் கவனியுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களுக்குத் திடீரென்று கை நடுங்கி, வியர்த்து, கடும் பசி எடுத்தால் சோதனை எதுவும் வேண்டாம். ரத்தச் சர்க்கரை இறங்கியிருக்கலாம். உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரைகள், மனநல மருந்துகள் சில, மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள் ஆகியவையும் பசியைக் கூட்டும். மருந்து தொடங்கிய பிறகு பசி மாறியிருந்தால், மருந்தை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: வேளைக்குச் சாப்பிடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். அதிகமாகத் தின்றுவிட்டோம் என்று தெரிந்ததும் எல்லோரும் முதலில் செய்வது பட்டினி. காலைச் சாப்பாட்டை விடுவார்கள், சோறே கூடாது என்பார்கள், இணையத்தில் பார்த்த டயட்டை மறுநாளே தொடங்குவார்கள். நானும் செய்தேன். பகலெல்லாம் காபியில் ஓட்டிவிட்டு, இரவில் அதற்கும் சேர்த்துத் தின்றேன்.

1944-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆரோக்கியமான இளைஞர்களைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கினார். அவர்களாக முன்வந்தவர்கள். ஆறு மாதம் அரைகுறைச் சாப்பாடு. அந்த நாட்களில் அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. சமையல் குறிப்புகளைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். மறுபடி வேண்டிய அளவு சாப்பிட விட்டபோது, பலர் வயிறு முட்டத் தின்றும் திருப்தி இல்லாமல் தவித்தார்கள். மனசு திடமாக இருந்த இளைஞர்களுக்கே அந்த நிலை என்றால், ஏற்கெனவே வாடிய மனசோடு பட்டினி கிடப்பவர் கதி என்ன?

அதனால் மூன்று வேளை, நடுவில் ஒரு சிற்றுண்டி. மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிற்றைக் காயப் போடாதீர்கள். சென்னையில் வேலைக்குப் போகிறவர்கள் தவறும் இடம் மாலை நேரம்தான். ஒரு மணிக்குச் சாப்பிட்டது, வேளச்சேரி ரயிலிலும் பஸ்ஸிலும் நின்று வீடு சேர எட்டரை ஆகிவிடும். ஏழரை மணி நேர இடைவெளியில் வருகிற பசிக்கு முன்னால் எந்த வைராக்கியமும் நிற்காது. நாலரை மணிக்குத் தேநீரோடு ஒரு கிண்ணம் சுண்டலோ, ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ, இரண்டு வாழைப்பழமோ இருந்தால் இரவு எவ்வளவோ மாறும். விடுதியில் இருப்பவர்கள் மேசை இழுப்பறையில் வறுத்த கடலை வைத்துக்கொள்ளலாம். எனக்கு முதல் மாற்றம் தெரிந்தது இந்த நாலரை மணிச் சுண்டலில்தான்.

மூன்றாம் படி: ஒரு வாரம் எழுதுங்கள்

பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் போதும். கலோரி எழுத வேண்டாம், எடை எழுத வேண்டாம். நேரம், இடம், என்ன சாப்பிட்டேன், அதற்கு முன் என்ன நடந்தது, பசி பத்துக்கு எவ்வளவு, மனசு எப்படி இருந்தது. அவ்வளவுதான். என் நோட்டிலிருந்து இரண்டு வரி:

"செவ்வாய், இரவு 11. மிக்சர். அம்மாவிடம் போன் பேசி வைத்ததும். பசி 2. ஊர் ஞாபகம்."

"ஞாயிறு, மாலை 6. பிரட் அல்வா, அப்புறம் சிப்ஸ், அப்புறம் மீதி அல்வா. யாரும் எதுவும் சொல்லவில்லை. பசி 1. நாளைக்குத் திங்கட்கிழமை."

இரண்டாவது வரிதான் என் கண்ணைத் திறந்தது. பிரச்சினை எல்லாம் அலுவலகத் திட்டில்தான் என்று நினைத்திருந்தேன். நோட்டைப் புரட்டினால் வாராவாரம் ஞாயிறு மாலை வந்து நின்றது. உடன் தங்கியிருந்தவர்கள் ஊருக்கோ சொந்தக்காரர் வீட்டுக்கோ போயிருப்பார்கள், அறையில் நான் தனியாக இருப்பேன். உங்கள் நோட்டில் வேறு நேரம், வேறு காரணம் வரும். எழுதும்போது தீர்ப்புச் சொல்லாதீர்கள். "சே, மறுபடியும்" என்று எழுதத் தொடங்கினால் மூன்றாம் நாள் நோட்டைத் தூக்கிப் போட்டுவிடுவீர்கள்.

நான்காம் படி: அந்த உணர்வுக்குப் பெயர் வையுங்கள்

"டென்ஷன்" என்ற ஒரு வார்த்தைக்குள் எல்லாவற்றையும் போட்டு மூடிவிடுகிறோம். இல்லையென்றால் "ஒரு மாதிரியா இருக்கு". அந்த ஒரு மாதிரி எந்த மாதிரி? எரிச்சலா, ஏக்கமா, அவமானமா, பயமா, பொறாமையா, அலுப்பா, வெறுமையா? தமிழில் இதற்கெல்லாம் சொற்கள் இருக்கின்றன. பெயர் தெரிந்தால் அதற்கு என்ன தேவை என்பதும் ஓரளவு தெரியும். அலுப்புக்குத் தூக்கம் வேண்டும். தனிமைக்கு ஒரு குரல் வேண்டும். அவமானப்பட்ட மனசுக்கு "அவர் அப்படிப் பேசியது தப்பு" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். சலிப்புக்குக் கையில் ஏதாவது வேலை வேண்டும். இவற்றில் எதையும் மிக்சர் தராது.

ஐந்தாம் படி: பத்து நிமிடம்

ஆசை அலை மாதிரி. ஏறி, உச்சிக்கு வந்து, இறங்கும். உச்சியில் நிற்கும்போது அது இறங்கவே இறங்காது என்று தோன்றும். "சாப்பிடக் கூடாது" என்று உங்களிடம் சொல்லாதீர்கள். "பத்து நிமிடம் கழித்து" என்று சொல்லுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் அந்த இடத்தை விட்டு நகருங்கள். மொட்டை மாடிக்குப் போகலாம். இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றிக் குளிக்கலாம். தெருமுனை வரை நடந்து வரலாம். ஒரு தோழியைக் கூப்பிட்டு, "சும்மாதான் கூப்பிட்டேன், பேசிட்டிரு" என்று சொல்லலாம். மாலையாக இருந்தால், பக்கத்தில் இருப்பவர்கள் பெசன்ட் நகர் கடற்கரைக்கோ லஸ் பக்கம் நாகேஸ்வரராவ் பூங்காவுக்கோ போய்வரலாம். எனக்கு மிகவும் உதவியது அழுகைதான். அழுகை வருகிற நேரத்தில் வாயில் எதையாவது போட்டு அதை விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது, அழ விட்ட பிறகுதான் தெரிந்தது.

பத்து நிமிடம் கழித்தும் வேண்டும் என்றால் சாப்பிடுங்கள். ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்து, உட்கார்ந்து, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ருசித்துச் சாப்பிடுங்கள். பாக்கெட்டில் கைவிட்டு எடுத்துச் சாப்பிட்டால் அளவே தெரியாது. விரும்பிச் சாப்பிடுகிற ஒரு கிண்ணம், ஒளிந்து சாப்பிடுகிற ஒரு பாக்கெட்டை விட மனசை நிறைக்கும்.

வீட்டு ஏற்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டெலிவரி ஆப்பின் அறிவிப்புகளை நிறுத்துங்கள், கார்டு விவரத்தை அதிலிருந்து நீக்குங்கள். ராத்திரி பதினொன்றுக்குக் கார்டு எண்ணைத் தேடி எடுத்துத் தட்ட வேண்டும் என்றால் பாதி ஆர்டர் அங்கேயே நின்றுவிடும். பெரிய பாக்கெட்டுக்குப் பதில் சின்னது வாங்குங்கள். எதையும் ஒரேயடியாக விலக்கி வைக்காதீர்கள். விலக்கியதன் மேல்தான் ஆசை கொழுந்துவிடும்.

வளரும் பிள்ளைகள்

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பெரம்பூரில் இருக்கும் என் அக்கா மகன் பதினொன்றாம் வகுப்புக்குப் போன வருடம், டியூஷன் விட்டு வரும்போது வழியில் இரண்டு பரோட்டா சாப்பிட்டுவிட்டு, வீட்டில் வந்து நாலு தோசையும் சாப்பிட்டான். அக்கா பயந்துபோய் பிஸ்கட் டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அடுத்த மாதம் அவன் ஸ்கூல் பையின் அடியில் சாக்லேட் உறைகள் கத்தையாகக் கிடைத்தன. பூட்டு போட்டதால் சாப்பிடுவது நிற்கவில்லை. அக்காவிடம் மறைப்பது மட்டும் தொடங்கியது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வளரும் வயதில் பசி நிஜமாகவே அதிகம். ஒரே வருடத்தில் சட்டை கை ஏறுகிற பையன் நாலு தோசை சாப்பிடுவதில் தப்பே இல்லை. பார்க்க வேண்டியது அளவை விட விதத்தை: மறைத்துச் சாப்பிடுகிறானா, முகம் வாடிய நாளில் சாப்பிடுகிறானா, சாப்பிட்ட பிறகு தன்னையே வெறுத்துப் பேசுகிறானா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து மெரினாவுக்குக் கூட்டிப்போனேன். முகத்துக்கு நேரே உட்காரவைத்துக் கேட்டால் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. வண்டியில் போகும்போது, காய் நறுக்கும்போது, மாடியில் துணி எடுக்கும்போது தானாகப் பேசுவார்கள். வாலாஜா சாலை சிக்னலில் நிற்கும்போது, "சித்தி, கிளாஸ்ல என்னைத் தடியான்னு கூப்பிடறாங்க" என்றான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. "எப்பலேர்ந்துப்பா?" என்று மட்டும் கேட்டேன். கடற்கரையில் தேங்காய் மாங்காய்ப் பட்டாணிச் சுண்டல் வாங்கி இரண்டு பேரும் சாப்பிட்டோம். அளவைப் பற்றி அன்று ஒரு வார்த்தை பேசவில்லை.

அதன் பிறகு அக்காவும் நானும் வீட்டில் சில விஷயங்களை முடிவு செய்தோம். அவன் உடம்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை, கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் "என்னடா ஊதிட்டே" என்று ஆரம்பித்தால் அங்கேயே பேச்சை மாற்றுவது. மார்க் வாங்கினால் பிட்சா என்ற பரிசும், வாங்காவிட்டால் ஐஸ்கிரீம் கிடையாது என்ற தண்டனையும் நின்றன. இரவுச் சாப்பாட்டையாவது டிவி இல்லாமல் சேர்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். பிஸ்கட் டப்பா மறுபடி மேசைக்கு வந்தது. பிள்ளைகளை நீங்களாக டயட்டில் வைக்காதீர்கள். எடையைப் பற்றி நிஜக் கவலை இருந்தால் குழந்தைகள் நல மருத்துவரிடம் போங்கள்.

நம் வீடுகளில் அன்பு என்றால் "சாப்டியா?" என்ற கேள்விதான். முகம் வாடி வருகிற பிள்ளைக்கு முன்னால் தோசைத் தட்டை வைக்கிறோம். அந்தத் தோசை அன்புதான், அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். தோசை போட்ட பிறகு அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்காருங்கள். "இன்னிக்கு எப்படிப் போச்சு?" என்று கேளுங்கள். பதில் "ஒண்ணுமில்ல" என்றுதான் வரும். நாளைக்கும் கேளுங்கள்.

ஒரு நாள் வழுக்கிவிட்டால்

வழுக்கத்தான் செய்யும். அடுத்த வேளைச் சாப்பாட்டை விட்டுவிடாதீர்கள். இரண்டு மணி நேரம் ஓடித் தீர்க்கவும் வேண்டாம். மறுநாள் காலை வழக்கமான நேரத்தில் வழக்கமான சாப்பாடு. நோட்டில் ஒரு வரி. அவ்வளவுதான்.

எப்போது உதவி தேட வேண்டும்

குறைந்த நேரத்தில் மிக அதிகமாகச் சாப்பிடுவது, நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல் போவது, வெட்கத்தால் தனியாகச் சாப்பிடுவது, பிறகு கடுமையான வருத்தம். இவை வாரத்துக்கு ஒரு முறையாவது, மூன்று மாதமாக நடந்தால் அது மிகையுண்ணல் கோளாறாக இருக்கலாம். 2013-ல் வெளிவந்த அமெரிக்க மனநல வகைப்பாட்டில் இது தனிக் கோளாறாகவே சேர்க்கப்பட்டது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற பேச்சுச் சிகிச்சை இதற்கு நன்றாகப் பலன் தருகிறது. சாப்பிட்டதை வேண்டுமென்றே வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது, சாப்பாட்டை அடியோடு நிறுத்துவது, மாதவிடாய் தள்ளிப்போவது, மயக்கம் வருவது போன்றவை இருந்தால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம், உடனே டாக்டரைப் பாருங்கள்.

மத்திய அரசின் டெலி மனஸ் சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. 14416 என்ற எண்ணில் இருபத்துநான்கு மணி நேரமும் கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம். உயிரை விடும் எண்ணம் வந்தாலும் உடனே இதே எண்ணைக் கூப்பிடுங்கள். அதற்கென்றே 1986 முதல் சென்னையில் இயங்கும் சிநேகா அமைப்பும் இருக்கிறது. நேரில் போக, கீழ்ப்பாக்கம் மனநல நிலையம் ஒன்றுதான் வழி என்று நினைத்துத் தயங்க வேண்டாம். அந்த ஊர்ப் பெயரையே நம்மவர்கள் கேலியாக்கி வைத்திருப்பது எனக்கு வருத்தம். 1794-ல் தொடங்கி இத்தனை தலைமுறைகளுக்குச் சிகிச்சை தந்த இடம் அது. சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, வண்ணாரப்பேட்டை பக்கம் ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. காலையில் போய் ஓ.பி. சீட்டு வாங்கினால் போதும்.

அங்கே என்ன சொல்வது என்பதுதான் பலருக்குத் தயக்கம். நான் முதன்முதலில் போனபோது "தூக்கம் வரவில்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கிறேன். இரண்டாவது முறை நோட்டைக் கையில் எடுத்துப் போனேன். "டாக்டர், எனக்குப் பசிக்காமலே சாப்பிடுகிறேன். நிறுத்த முடியவில்லை. வாரத்தில் மூன்று நாள் இப்படி நடக்கிறது. இதில் எழுதியிருக்கிறேன்" என்று மேசைமேல் வைத்தேன். அவர் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தனியா இருப்பீங்களா?" என்று கேட்டார்.